பழைய வண்டி



கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடிய சேகரக் கமிட்டியில் என்னுடைய வாகனத்தைப் பற்றிப் பேச்சு எழுந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். “ஐயா, உங்க இன்னோவா 2007 மாடல். வர்ற ஸ்தோத்திரப் பண்டிகைக்குள்ள நிதி சேர்த்து வேற வண்டி வாங்கிருவோம்” என்று மூத்த அண்ணாச்சி ஒருவர் அன்போடு சொன்னார். “ஐயாவோட எளிமையைக் கெடுத்திராதீங்க” என்றார் மற்றொருவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பின்பு அந்த ‘எளிமை’ என்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. நான் அந்த வண்டியை வைத்திருப்பதற்கு எளிமை காரணமல்ல. இல்லாத குணத்துக்குப் பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது ஒரு போதகனுக்குத் தகாது. ஆகவே, இந்த வாரம் அந்த வண்டியின் கதையையே உங்களுக்கு எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டில் அதை நான் வாங்கினபோது அது ஏற்கெனவே 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. என் தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர் என்று ஐந்து பேருக்காக வாங்கிய வண்டி. ஆனால் ஏழு கிராமச் சபைகளுக்குப் பொறுப்பாயிருக்கிற ஒருவனுடைய வண்டி எப்போது அவன் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமாயிருந்தது? பாடகர் குழு ஏறியது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். அசனப் பண்டிகைக்கு அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் ஏறின. பின்னிருக்கையை மடக்கிவிட்டு ஒருமுறை சவப்பெட்டியையும் ஏற்றியிருக்கிறோம். அத்தனையையும் அது முணுமுணுக்காமல் சுமந்தது. முணுமுணுக்காததுதான் ஆபத்தாயிற்று. குறை சொல்லாத மனிதரை நாம் எப்படிக் கவனியாமல் விடுகிறோமோ, அப்படியே அதையும் விட்டுவிட்டேன்.

மதுரை அரசரடியில் இறையியல் பயின்ற நாட்களில் கிரேக்க வினைச்சொற்களின் வடிவங்களை இரவெல்லாம் உருப்போட்டவன் நான். ஆனால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் வெறும் தண்ணீர் அல்ல என்பதை அறிய எனக்கு ஐம்பதை நெருங்கும் வயதாயிற்று. ரேடியேட்டரில் அளவு குறைந்தபோதெல்லாம், போகிற கிராமத்தில் யாரிடமாவது ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். எங்கள் தேரிக்காட்டுப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அங்கே சோறு வடித்த பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். அடியில் வெள்ளையாய் உப்பு படிந்திருக்கும். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்துகொண்டிருந்தது. அளவு ஏன் குறைகிறது என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

2017ஆம் ஆண்டு மே மாதம். இரவு 11 மணிக்கு எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வாலிபன் கதவைத் தட்டினான். அவன் மனைவிக்கு நாள் தப்பிப் பிரசவ வலி, இரத்தப்போக்கும் இருந்தது. அவசர ஊர்தி வேறோர் அழைப்பில் போயிருந்தது. அவளையும் அவள் மாமியாரையும் அவனையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரம். பாதி வழியில் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. ‘இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்’ என்று அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். முள் சிவப்பைத் தொட்டபோது பானெட்டிலிருந்து புகை வந்தது. இழுவை குறைந்து, உடைமரங்கள் அடர்ந்த ஆளில்லாத சாலையில் வண்டி நின்றுவிட்டது.

மாமியார் சத்தமிட்டு ஜெபித்தார். போதகனாகிய என்னால் ஜெபிக்க முடியவில்லை. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப் போனேன். அந்த வாலிபன் என் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் முகமே வெந்திருக்கும். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கிற நீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் ஆவியாய் மேலெழும்பும். அதையும் நான் அறியேன்.

சுமார் இருபத்தைந்து நிமிடத்துக்குப் பின், மீன் ஏற்றிவந்த ஒரு சிறிய லாரி நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இரண்டு பெண்களும் நெருக்கி உட்கார்ந்தார்கள். புருஷன் பின்னால் பனிக்கட்டிப் பெட்டிகளின்மேல் ஏறிக்கொண்டான். எனக்கு அதில் இடமில்லை. லாரியின் சிவப்பு விளக்கு மறைகிற வரையில் சாலை நடுவிலேயே நின்றேன். அதிகாலையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். இன்னும் சற்று தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் கூறியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மறுநாள் சபையார் என்னைத் தேற்ற வந்தார்கள். “பழைய வண்டி, அது என்ன செய்யும் ஐயா?” என்றார்கள். நான், “ஆமாம்” என்றேன். பிரியமானவர்களே, அந்த ஒரு சொல்தான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்த பொய்.

பட்டறையில் அந்தப் பொய் எடுபடவில்லை. மெக்கானிக் அண்ணாச்சி என்ஜினைப் பிரித்து, எண்ணெயோடு தண்ணீர் கலந்து மோர்போல வெளுத்திருந்ததைக் காட்டினார். சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கும் கீழேயிருந்த இரும்புப் பிளாக்குக்கும் நடுவிலிருந்த கேஸ்கெட் விட்டுப்போயிருந்தது. அடிப்பக்க ஹோஸ் ஒன்றில் நகக்கண் அளவு வெடிப்பு. எல்லாம் அங்கிருந்து ஆரம்பித்ததுதான். “ஐயா, வண்டி கெட்டுப்போகல. நீங்க கெடுத்திருக்கிய” என்றார். ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி மட்டம் செய்து, ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் மாற்றி முடிக்க 38,000 ரூபாய் ஆயிற்று. அந்த ஹோஸின் விலை சில நூறு ரூபாய்கூட இல்லை.

இரண்டாம் இராஜாக்கள் பன்னிரண்டாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். காணிக்கைப் பெட்டியைப் பற்றிப் பிரசங்கமும் செய்திருக்கிறேன். ஆலயத்தின் பழுதுகளைச் சரிசெய்ய ஆசாரியர்களிடம் பணம் கொடுக்க ஏற்பாடாகியிருந்தும், யோவாஸ் அரசனின் இருபத்துமூன்றாம் வருஷம் வரைக்கும் அவர்கள் அதைச் செய்யவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. அவர்கள் அந்தப் பணத்தைத் திருடியதாக வேதம் சொல்லவில்லை. தினமும் பலி செலுத்தியிருப்பார்கள், தூபம் காட்டியிருப்பார்கள். விரிசலைத் தினமும் பார்த்துப் பார்த்து, அது கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும் என்றே எண்ணுகிறேன். அதே அதிகாரத்தில், வேலைக்காரருக்குக் கொடுக்கும்படி பணத்தைக் கையில் வாங்கியவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்றும் இருக்கிறது. ஆசாரியருக்குக் கிடைக்காத நற்சாட்சி அவர்களுக்குக் கிடைத்தது! கிரீஸ் படிந்த கைகளோடு என் எதிரில் நின்ற மனிதரைப் பார்த்தபோதுதான் அந்த வசனம் எனக்கு முதல்முதலாய் உறைத்தது.

அவர்தான் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொன்னார். இன்று அது மூன்றாவது நோட்டு. எண்ணெய் மாற்றிய தேதி, கிலோமீட்டர், என்ன பாகம், என்ன விலை, எல்லாம் அதில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்து எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்க்கிறேன். கூலன்ட் குறைந்திருந்தால் ஊற்றுவதோடு நில்லாமல் எங்கே போனது என்று தேடுகிறேன். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் தேயாமலிருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. உங்கள் வண்டியிலும் இன்று பாருங்கள்; நம் வாலிபர்கள் சிலருடைய வண்டிகளில் நான் பார்த்தது எனக்குக் கவலை தருகிறது. இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் நாற்பது வருஷம் பாதரட்சை தேயவில்லை என்பது உண்மைதான்; அந்த வாக்குத்தத்தத்தை டயருக்கு எடுத்துக்கொள்ளாதிருங்கள்.

2022இல் பதினைந்து வருஷம் நிறைவடைந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முன்பு 600 ரூபாயாயிருந்த மத்தியக் கட்டணம் அந்த ஏப்ரலிலிருந்து 5,000 ஆகியிருந்தது. என் மனைவி, “இத்தனை செலவுக்கு இதை விற்றுவிடலாமே” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த வண்டியில் ஏர்பேக் இல்லை. கடற்காற்றில் கதவுகளின் அடிப்பக்கம் துருவேறி இருமுறை பற்றவைத்தாயிற்று. அடிச்சட்டத்தில் துரு இறங்குகிற நாளில் நான் ஒரு வார்த்தையும் பேசாமல் இதை உடைக்கக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் பாசத்துக்கு இடமில்லை. ஆனால், ஒவ்வொரு வருஷமும் அண்ணாச்சி கீழே படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, “இன்னும் கெட்டியா இருக்கு” என்கிறார்.

2019இல் அந்தச் சேகரத்திலிருந்து மாறுதல் வந்தபோது, புறப்படுவதற்கு முந்தின நாள் அந்த வாலிபனின் வீட்டுக்குப் போனேன். நடந்ததற்கு வண்டி அல்ல, நான்தான் காரணம் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியும் ஐயா” என்றான். “எங்க வீட்டுலதான நாலஞ்சு தடவ குடத்துல தண்ணி வாங்கி ஊத்துனிய.” அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, ஐயாவுக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவரும்படி மனைவியிடம் சொன்னான். இரண்டு வயதுப் பெண் குழந்தை வாசலில் நின்ற வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஆகவே கமிட்டியாருக்கு என் விண்ணப்பம் இதுவே: இந்த வருஷம் நிதி சேர்க்க வேண்டாம். சேர்க்கத்தான் வேண்டுமென்றால், மூன்று மழைக்காலமாய் நாம் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிற ஆலயத்தின் வடபுறக் கூரைக்குச் சேருங்கள்.

மற்றொரு காரியம். வண்டி 3,26,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. டைமிங் பெல்ட் மாற்றும் முறை மறுபடியும் வந்திருக்கிறது. பல் வைத்த ரப்பர் வார்தான். அறுந்துபோனால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி என்ஜினே போய்விடும். அறுவதற்கு முன் அது சத்தம் காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. வருகிற செவ்வாயும் புதனும் வண்டி பட்டறையில் நிற்கும். புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு நான் பேருந்தில் வருவேன்; நேரமாகிவிட்டால் காத்திராமல் பாட்டை ஆரம்பித்துவிடுங்கள்.