தந்தி ஆபீஸ் தகப்பனார்

தந்திச் சேவகர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் வீட்டுக்குள் அழுகுரல் கிளம்பிய காலம் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்த செய்தியாக இருக்கும். அழுத கண்ணோடு சிரிப்பார்கள். அத்தகைய செய்திகளை வாங்கி அனுப்பும் மனிதர் ஒருவர் ஒவ்வொரு தந்தி ஆபீஸிலும் இருந்தார். எங்கள் ஊரில் அவர் எங்கள் தகப்பனார்.

1968-ஆம் வருஷம் உத்தியோகத்தில் அமர்ந்து, 2006-இல் ஓய்வு பெற்றார். முப்பத்தெட்டு வருஷமும் அதே கதர்ச் சட்டை, அதே மூக்குக் கண்ணாடி. ஆங்கில எழுத்துக்களில் 'ஈ'க்கு ஒரு புள்ளி, 'டீ'க்கு ஒரு கோடு என்று மோர்ஸ் பாஷையைக் காதாலேயே வாசிப்பார். மாலையில் ஊஞ்சலில் சாய்ந்திருக்கும்போது அவருடைய விரல் பலகையில் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும். அது எங்கள் பெயர்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வெகு நாள் ஆயிற்று.

ஊரிலுள்ள கல்யாணம், கடன், சாவு எல்லாம் அவர் கையைக் கடந்தே போயின. ஒன்றையாவது வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை. தந்தியில் கண்டதை வெளியிடுவது 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டப்படி குற்றந்தான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. அம்மா ஏதாவது தூண்டிக் கேட்டால், "மழை வரும் போலிருக்கிறதே!" என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். எழுதத் தெரியாத ஏழைகள் தங்கள் துயரத்தை அழுதுகொண்டே சொல்ல, அவர் அதை நாலு சொல்லில் அடக்கிக் கொடுப்பார். தாயார் இறந்த செய்தியைத் தூரதேசத்திலுள்ள மகனுக்கு அனுப்ப யாராவது வந்தால், "'எக்ஸ்பயர்டு' என்று போட வேண்டாம்; 'சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி' போதும். பிள்ளை தனியாக ரயிலேறி வரவேண்டுமல்லவா?" என்பாராம். பொய்யே பேசாதவர் என்று பெயரெடுத்த மனிதர்!

2013-ஆம் வருஷம் ஜூலை 14-ந் தேதியோடு தந்தி சேவை நின்றது. அப்போது சென்னையில் தங்கை வீட்டில் இருந்தார். வரிசையில் வெகு நேரம் நின்று, அம்மாவுக்கு ஒரு தந்தி கொடுத்தார். அது ஊருக்கு வந்து சேருமுன் அவரே வந்து சேர்ந்துவிட்டார். பிறகு அது வந்ததும், இங்கிலீஷ் அறியாத அம்மாவுக்குத் தாமே வாசித்துக் காட்டினார். "சௌக்கியம். வருகிறேன்" என்பதே செய்தி. அம்மா அதை ஸ்வாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

2019-ஆம் வருஷம் மார்கழியில் ஒரு விடியற்காலை தகப்பனார் காலமானார். டில்லியிலிருந்த கடைசித் தம்பிக்கு அக்காதான் டெலிபோன் செய்தாள். "அப்பாவுக்குச் சீரியஸாக இருக்கிறது; உடனே புறப்படு" என்றாள். மறுமுனையில் சற்று மௌனம். "புறப்படுகிறேன்" என்றான், வேறொன்றும் கேட்கவில்லை. மாலையில் வாசற்படி ஏறியதும், "தந்திக்காரர் பிள்ளைக்கு அந்த வார்த்தை புரியாதா, அக்கா?" என்றான்.

இன்று செய்தி ஒரு நொடியில் போகிறது. சொல்லுக்குக் காசும் இல்லை. ஆயினும் துக்கச் செய்தி ஒன்றை யாருக்காவது சொல்ல நேரும்போதெல்லாம், கேட்கப் போகிறவர் தனியாக இருக்கிறாரா, துணையோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்கிறோம். தகப்பனார் எங்களுக்கு வைத்துப் போன சொத்தில் அதுவும் ஒன்று.