வாஜிமா: பொற்சித்திரங்களின் ஊர்

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவிலிருந்து வடக்கே கடலுக்குள் நீண்டு செல்லும் நோட்டோ தீபகற்பத்தின் வடகரையில், பனிக்காலத்து வாடைக்கும் அலைக்கும் முகங்கொடுத்து நிற்கும் வாஜிமா சிறிய ஊர்தான். ஆயினும் மெருகுப் பாத்திரக் கலையின் ரசிகர்கள் அதன் பெயரைத் தனி மரியாதையுடனேயே உச்சரிப்பார்கள். அவ்வூர் ஜூஸோ ஆலயத்தின் செம்மெருகுக் கதவுகள் 1524ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பர்.

உருஷி மரத்தைக் கீறி வடிக்கும் பாலே இக்கலையின் மூலதிரவியம். வாஜிமாக் கைவினைஞர், மரக்கிண்ணத்தின் விளிம்பு, அடி முதலிய மெலிந்த பாகங்களில் துணியை ஒட்டி, அவ்வூரிலேயே வெட்டியெடுத்துச் சுட்டுப் பொடித்த ஒருவகை மண்ணை அப்பாலோடு குழைத்துப் பூசி, உலர்த்தி, தேய்த்து, மறுபடியும் பூசி, இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்த பின்னரே ஒரு பாத்திரத்தைப் பூர்த்தி செய்கிறார்கள்.

கண்ணுக்குத் தென்படாத இந்த அஸ்திவாரமே மேலுள்ள சித்திரத்துக்கும் ஆதாரம். பூச்சு கனமாக இருப்பதால் உளிக்கு இடங்கொடுக்கிறது; ஆகவேதான் ‘சின்கின்’ எனப்படும் பொற்கீறல் வேலை இங்கே செழித்தது. இறுகிய கருமெருகில் மயிரிழை போன்ற கோடுகளைக் கீறி, அவற்றில் உருஷிப் பாலைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டுப் பொற்றகட்டையோ பொற்றூளையோ அழுத்தினால், பொன் கீறலில் மட்டும் தங்கும். ‘மாகியே’ என்பது வேறு முறை. பாலால் சித்திரம் தீட்டி, அது இறுகுமுன் பொற்றூளைத் தூவுவது. பழைய பாத்திரங்களில் தீர்க்காயுளுக்கு அறிகுறியான நாரையும் ஆமையும், என்றும் வாடாத பைன் மரமும், பனி விலகுமுன் பூக்கும் பிளம் மரமும் மங்கல வாழ்த்துகளாகவே பொறிக்கப்பட்டிருக்கின்றன; காற்றில் சாயும் இலையுதிர்காலப் புற்களும் அவற்றில் இடம்பெறுகின்றன.

இக்கலையை ஜப்பானிய அரசாங்கம் 1977இல் முக்கியமான அருவக் கலாசாரச் செல்வமாக அங்கீகரித்தது. ஆனால் 2024 ஜனவரி முதல் தேதி நிகழ்ந்த 7.6 அளவுள்ள பூகம்பமும், காலைச் சந்தை கூடும் தெருவை விழுங்கிய தீயும், அதே ஆண்டு செப்டம்பரில் வந்த வெள்ளமும் அவ்வூரின் பட்டறைகளையும் கடைகளையும் பெரிதும் நாசமாக்கின.

வாஜிமாப் பாத்திரம் புழங்குவதற்கென்றே பிறந்தது. தேய்ந்தாலும் விளிம்பு சிதைந்தாலும் பட்டறைக்குத் திரும்பிப் புதுப்பூச்சுப் பெறும் தகுதி அதற்கு உண்டு. ஆகையால் மூதாதையர் விட்டுச்சென்ற கிண்ணத்தைப் பேழையில் பூட்டிவைக்காமல் அன்றாடம் சோறும் ரசமும் இட்டு உண்டு, பழுதானபோது செப்பனிட அனுப்புகிறவர்களே அந்தக் கைவினைஞரின் தொழிலை வாழவைக்கிறார்கள்.