எத்தனையில் பூஜ்யம்?

நண்பர்களே, மூன்று மாதமாக இங்கே எழுதவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மலத்தோடு ரத்தம் போனது. மூலம்தான் என்று ஆறு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டேன், வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் மயங்கி விழுந்ததும், சிப்காட்டில் வேலை பார்க்கும் மகன் லீவு போட்டுச் சென்னைக்கு அழைத்துப் போனான். பெருங்குடலில் புற்றுநோய். அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

வெட்டிய சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பத்தாம் நாள், பிள்ளைப்பாக்கம் வீட்டில் இருந்தபோது முடிவு வந்தது: 'டி3, என்0'.

'டி' என்பது கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது. 'என்' என்பது பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதா என்பது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறிகட்டுமே, அந்த வகைக் கணுக்கள்தான். இந்த முறையை 1943 முதல் 1952 வரை உருவாக்கியவர் பியேர் தெனுவா என்ற பிரெஞ்சு மருத்துவர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்தப் பெயரைப் பார்த்ததும் பழைய வாத்தியாரைக் கண்ட மாதிரி இருந்தது.

பூஜ்யம் என்றதும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். மறுவாரம் டாக்டரம்மா அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூஜ்யம் சரிங்க ஐயா. ஆனா ஏழு கணுதான் பார்த்திருக்காங்க. குறைஞ்சது 12 பார்க்கணும்."

எனக்கு உடனே புரிந்தது. அலுவலகத்தில் சில பிரிவுகள் பீரோவைத் திறக்காமலே 'இன்மை' அறிக்கை அனுப்பும். எத்தனை கோப்பைப் பார்த்து இன்மை என்று கேட்டால் பதில் வராது.

மீதிச் சதையை மறுபடி தேடச் சொன்னார். இன்னும் ஒன்பது கணு கிடைத்தது. ஒன்றில் நோய் இருந்தது.

கணுவுக்குப் பரவவில்லை என்றால் பலருக்கு அறுவையே போதும். பரவியிருந்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடும், அதனால் கீமோ. இப்போது எனக்கு நடக்கிறது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல் நுனி சுரீர் என்கிறது. ஆனாலும் அந்த ஒரு கணு கண்ணில் படாமல் போயிருந்தால் என்று நினைத்தால், இந்தச் சுரீர் பெரிதில்லை.

அறிக்கை ஜாதகம் அல்ல. எனக்கு எத்தனை வருஷம் என்று அது சொல்லவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது. நீங்களும் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். யாருக்காவது 'என்0' என்று வந்தால், பாயசத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனையில்?