ஐந்தாம் சக்கரம்

பந்திங் என்றதும் பலருக்குப் பூப்பந்து விளையாட்டில் பெயர் பதித்த சீடேக் சகோதரர்கள் நினைவுக்கு வருவார்கள். சிலருக்கு மோரிப் கடற்கரை நினைவுக்கு வரும். எங்கள் தாமானில் வளர்ந்த பிள்ளைகளுக்கோ பந்திங் என்றால் லோரிதான். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்ஜாரோம் வழியாக வரும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் செம்பனைக் குலை லோரி, மணல் லோரி, கொள்கலன் டிரெய்லர் என்று நாள் முழுவதும் ஏதாவது ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். அந்த டிரெய்லர்களில் ஒன்றை 1998 முதல் 2022 வரை ஓட்டியவர் என் அப்பா. புலாவ் இண்டா துறைமுகத்திலிருந்து ஷா ஆலாம், நீலாய், ஈப்போ என்று அவர் இழுத்துச் சென்ற கொள்கலன்களுக்குக் கணக்கில்லை.

லோரிக்காரர் வீட்டுப் பிள்ளை என்பது பள்ளி நாள்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தியாக இருந்ததில்லை. பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தில் 'ஓட்டுநர்' என்று எழுதினால், "என்ன ஓட்டுகிறார்?" என்ற அடுத்த கேள்வி வரும். பதிலைக் கேட்டதும் கேட்டவரின் குரலில் ஒரு சிறிய மாற்றம் தெரியும். 'இ' லைசன்சும் சரக்கு வாகன உரிமமும் பெற்று, நாற்பது டன் பாரத்தை மழையிலும் இருளிலும் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பவரிடம் என்ன அறிவு இருக்க வேண்டும் என்பதை அந்தக் குரல்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த அறிவைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

பெர்த் நகரில் குடியேறிவிட்ட என் பெரியப்பா மகன், அண்ணன், சென்ற ஆண்டு ஒரு பிக்கப் வண்டி வாங்கத் திட்டமிட்டார். ஆஸ்திரேலியர்கள் அதை 'யூட்' என்பார்கள். வேலைக்காக அன்று, கேரவன் இழுப்பதற்காக. பெரியம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்து ஓய்ந்தவர். மூட்டுவலி காரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது. கட்டிலும் கழிவறையும் சமையல் மேடையும் கொண்ட கேரவன் இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு நல்லார்போர் சமவெளியைக் கடந்து அடிலெய்ட் வரை போய் வரலாம் என்பது அண்ணனின் ஆசை. ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் பயணம். இடையில் ஒரு பகுதியில் 146 கிலோமீட்டருக்கு மேல் வளைவே இல்லாத நேர்ச்சாலை இருக்கிறது.

அவர் பார்த்து வைத்திருந்த கேரவன், பின்புறக் கொக்கியில் மாட்டும் வகையன்று. அதன் முன்பகுதி உயர்ந்து, பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்கு மேலே வந்து அமரும். இதைத்தான் 'ஐந்தாம் சக்கர' கேரவன் என்கிறார்கள். அண்ணன் புலனத்தில் படம் அனுப்பியதும் அப்பா சிரித்துவிட்டார். "இது நம்ம டிரெய்லர்தாம்மா. கொள்கலனுக்குப் பதிலா வீட்ட வெச்சிருக்கான்!"

குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அதன் மேல் சக்கரம் போன்ற ஒரு வட்டத்தைப் படுக்கவைத்துப் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களுக்கு மேல் இது ஐந்தாவது. பெயர் அப்படித்தான் வந்தது. இன்று அது கிரீஸ் பூசிய கனமான இரும்புத் தட்டு. டிரெய்லரின் அடியிலிருந்து நீளும் 'கிங் பின்' என்ற தடித்த முளை அந்தத் தட்டின் பிளவுக்குள் நுழைந்ததும் தாடைகள் மூடிப் பிடித்துக்கொள்ளும். துறைமுக டிரெய்லருக்கும் அண்ணன் விரும்பிய கேரவனுக்கும் தத்துவம் ஒன்றே. அளவுதான் வேறு.

இந்த அமைப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. சாதாரணக் கேரவனின் பாரம் வண்டியின் பின் அச்சுக்கும் அப்பால், வால் பகுதியில் தொங்கும். அதனால் முன்சக்கரங்களின் பிடி குறையும். காற்றடித்தால் கேரவன் பாம்புபோல் நெளியவும் கூடும். ஐந்தாம் சக்கரத்திலோ பாரம் பின் அச்சின் மேலேயே இறங்குகிறது. ஓட்டம் நிதானமாக இருக்கும். ஆனால், நன்மை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. சாதாரணக் கேரவன் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை வண்டியின் மேல் சுமத்தும் என்றால், ஐந்தாம் சக்கரக் கேரவன் ஐந்தில் ஒரு பங்கைக்கூடச் சுமத்தும்.

கடைக்காரர் அண்ணனிடம் சொன்னது ஒரே ஓர் எண்: 3,500 கிலோ இழுக்கும். கேரவனோ முழுப் பாரத்துடன் 3,200 கிலோதான். கணக்கு முடிந்தது என்றே அண்ணன் எண்ணினார். அப்பா மட்டும் விடவில்லை. "இழுக்குமான்னு கேக்காதய்யா. தாங்குமான்னு கேளு" என்றார்.

நம் நாட்டு லோரிகளின் கதவோரத்தில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', அதாவது வெற்று வண்டியின் எடை. மற்றொன்று 'பெராட் டெங்ஙான் முவாத்தான்', பாரத்தோடு இருக்கலாகும் உச்ச எடை. (சுருக்கித் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி.டி.எம்.' ஆகிவிடும்!) அப்பா அந்த இரண்டு எண்களையும் அண்ணனிடம் கேட்டு வாங்கினார். வெற்று எடை 2,100 கிலோ. உச்ச எடை 3,100 கிலோ. ஆக, வண்டி தாங்கக்கூடியது 1,000 கிலோ. பிறகு என்னைத் தாளும் பேனாவுமாக உட்காரச் சொன்னார்.

கேரவன் முளையின் வழி இறங்கும் பாரம் 640 கிலோ. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், பெரியம்மா என ஐவர் 320 கிலோ. ஐந்தாம் சக்கரத் தட்டும் அதன் சட்டமும் 90 கிலோ. கங்காரு மோதினால் தாங்குவதற்கான முன்கம்பி 60 கிலோ. குளிர்பெட்டி, கருவிகள் 50 கிலோ. கூட்டினால் 1,160 கிலோ. தாங்கும் அளவைவிட 160 கிலோ அதிகம். வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடை 5,820 கிலோ; அதற்கான வரம்பு 6,000. இழுக்கும் கணக்கில் எல்லாம் சரி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால், பின் அச்சும் டயரும் வசந்தத் தகடும் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அந்த 160 கிலோவைச் சுமந்தாக வேண்டும்.

தமிழ் படிக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. வலியறிதல் அதிகாரத்தின் 475ஆவது குறளில், மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். அதைத் தேர்வுக்காக மனனம் செய்தபோது எனக்கு அது அரசனுக்குச் சொன்ன உவமையாக மட்டுமே பட்டது. அப்பா அந்தக் குறளைப் படித்தவர் அல்லர். ஆனால், அச்சு என்றால் என்னவென்று வள்ளுவரைப் போலவே அவருக்கும் தெரியும்.

இன்னொரு தடையும் இருந்தது. இரட்டை அறை பிக்கப்பில் ஐவர் அமரலாம். ஆனால் சரக்குத் தொட்டி குட்டையாக இருக்கும். கூர்மையாகத் திரும்பும்போது கேரவனின் முன்மூலை ஓட்டுநர் அறையின் முதுகில் இடிக்கும். தட்டைப் பின்னே தள்ளிப் பொருத்தினால், பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விடும். ஐந்தாம் சக்கரத்தின் நன்மையே போய்விடும். ஒற்றை அறை வண்டியில் தொட்டி நீளம். ஆனால் பெரியம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இடமில்லை. அமெரிக்காவில் இவ்வகைக் கேரவன்களை ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற பெரிய பிக்கப்புகள் இழுக்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் அவ்வகை வண்டிகளை வாங்கலாம்; விலையோ அண்ணனின் வீட்டுக் கடனோடு இன்னொரு கடன்.

அப்போதுதான் அப்பா, "லோரி வாங்கு" என்றார்.

ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் உரிமம் கொண்டே 4,500 கிலோ உச்ச எடை வரையுள்ள வாகனத்தை ஓட்டலாம். அந்த வரம்புக்குள் இரண்டு வரிசை இருக்கை கொண்ட சிறிய லோரிகள் கிடைக்கின்றன. அண்ணன் தேடிப் பிடித்த பழைய லோரி, தொட்டியோடு ஏறக்குறைய 3,000 கிலோ. தாங்கும் அளவு 1,500. எங்கள் பட்டியலை ஏற்றினாலும் மிச்சம் இருந்தது. இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து நிறுத்த எக்சாஸ்ட் பிரேக்கும் உண்டு. குறைகளையும் அப்பா மறைக்கவில்லை. இரைச்சல் அதிகம், குலுங்கும், ஏறுவதற்கு உயரம்.

மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு அண்ணியின் குரல் கேட்டது: "சித்தப்பா கோவிச்சுக்கக் கூடாது. இவ்ளோ தூரம் வந்தும் லோரியா?"

அண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒவ்வொரு குடும்பமும் சில அடையாளங்களை அங்கேயே விட்டுவிட்டு வர விரும்பியது. வாளி, காண்டா, லயம், லோரி. பளபளக்கும் பிக்கப் வாசலில் நிற்பது வெறும் வாகனம் நிற்பதன்று. வந்து சேர்ந்துவிட்டோம் என்ற அறிவிப்பு. அப்பா பதில் ஏதும் சொல்லாமல் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

பேசியவர் பெரியம்மாதான். "விடியக்காலை இருட்டுல தோட்டத்து லோரிக்குப் பின்னால நின்னுக்கிட்டே போயிருக்கேன். மழையில நனைஞ்சுக்கிட்டுப் போயிருக்கேன். ஒரு நாளாச்சும் முன்னால உக்காந்து போனதில்ல. இப்ப உக்காந்துட்டுப் போறேனே" என்றார். அதற்குப் பிறகு லோரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏறுவதற்கு மடக்குப் படி ஒன்றை அண்ணன் பொருத்தினார்.

புறப்படுவதற்கு முன் அப்பா நான்கு பாடம் சொல்லிக் கொடுத்தார். கிங் பின் மாட்டியதும் குனிந்து, கைவிளக்கு அடித்து, தாடை முழுவதும் மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். தட்டுக்கும் கேரவனுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. கேரவன் பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரில் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். கேரவன் கழன்றுவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்குமா என்று சோதிக்க வேண்டும். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இழுவண்டிக்கு அது அங்கே சட்டப்படியே கட்டாயம். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கவும் சொன்னார். அண்ணன் நிறுத்திப் பார்த்தார். எங்கள் தாள் கணக்குக்கும் மேடை காட்டிய எண்ணுக்கும் 40 கிலோதான் வேறுபாடு. பெரியம்மா கொண்டு வந்த அரிசி மூட்டையும் அம்மிக்கல்லும் பட்டியலில் இல்லை!

இந்தக் கணக்கு அப்பாவுக்குத் தொலைதூரத்துக் கதையன்று. பந்திங்கில் எங்களுக்கு நான்கு ஏக்கர் செம்பனை உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தால் ஒரு டன்னுக்கு மேல் குலை விழும். அறுத்த குலையை ஒரு நாளைக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும். அப்பாவிடம் இருப்பது பழைய ஒற்றை அறை பிக்கப். அது தாங்குவது ஒரு டன். அக்கம்பக்கத்தில் பலர் ஒரே நடையில் எல்லாவற்றையும் குவித்து ஏற்றிவிடுவார்கள். அப்பா இரண்டு நடை போவார். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே இரவில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தபோது, ஒரு நடையை மிச்சப்படுத்தினால் என்ன என்று அம்மா கேட்டார். அப்பா கேட்கவில்லை.

2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனத்தில் மோதி ஒன்பது பேர் உயிரிழந்தனர். அந்த லோரி அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அன்று இரவு அப்பா செய்தியைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார். பாரத்தை ஏற்றச் சொல்பவர் வேறு, அதைச் சுமந்து சாலையில் செல்பவர் வேறு என்பதை இருபத்து நான்கு ஆண்டுகள் அனுபவித்தவர் அவர். "முடியாது" என்று சொன்னதற்காக ஒரு வேலையை இழந்தும் இருக்கிறார்.

நம்மில் பலர் விரைவில் பட்டம் பெற்று வெளியேறுவோம். முதல் சம்பளம் வந்ததும் ஒன்பது ஆண்டுக் கடனில் ஒரு வண்டியும் வாசலுக்கு வரும். அது எவ்வளவு இழுக்கும் என்று விளம்பரங்கள் சொல்லும். எவ்வளவு தாங்கும் என்பதைக் கதவோரத்துச் சிறிய எழுத்தில் நாமே குனிந்து படிக்க வேண்டும். படித்தும் புரியாவிட்டால், நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லோரி ஓட்டிய ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் வந்ததே என்று மகிழ்ந்து சொல்வார்.