சின்ன எகிப்தில் மூன்று ஆட்டம்

கெய்ரோ என்றதும் உங்களுக்கு நைல் நதி நினைவுக்கு வரும். நாம் இப்போது போகப் போகும் கெய்ரோ அதுவல்ல. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தெற்குக் கோடியில், ஓஹயோ நதியும் மிஸிஸிப்பி நதியும் கூடும் இடத்தில் ஒரு கெய்ரோ இருக்கிறது. சுற்றுப்புறத்தில் தீப்ஸ், கார்னாக் என்றெல்லாம் ஊர்கள். அந்தப் பிரதேசத்துக்கே 'சின்ன எகிப்து' என்று செல்லப் பெயர். பிரமிடுகளைத் தேடி ஏமாறாதீர்கள். நிலக்கரிச் சுரங்கங்கள்தாம் அங்கே பெயர் பெற்றவை.

இந்தச் சின்ன எகிப்தில் ஜான்ஸ்டன் சிட்டி என்று ஓர் ஊர். சிக்காகோவிலிருந்து தெற்கே 300 மைலுக்கு மேல் பிரயாணம். பெயரில்தான் 'சிட்டி', ஜனத்தொகை 4,000 கூட இல்லை. வட்டாரமோ முரட்டுத்தனத்துக்குப் பேர் போனது. பக்கத்து ஊரான ஹெரினில் 1922-ல் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு, 1961 முதல் 1972 வரை ஆண்டு தவறாமல், அமெரிக்காவின் பெரிய பெரிய 'பூல்' ஆட்டக்காரர்கள் யாத்திரை வந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

பூல் என்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக் காரம் போர்டைப் பெரிதாக்கிக் கால் வைத்து நிறுத்துங்கள். பலகை மீது பச்சைச் சகலாத்து விரியுங்கள். நாலு குழிக்குப் பதில் ஆறு குழி. காய்களுக்குப் பதில் எண் போட்ட பந்துகள். ஸ்டிரைக்கருக்குப் பதில் ஒரு வெள்ளைப் பந்து. அதை விரலால் சுண்டாமல் நீண்ட கோலால் தட்ட வேண்டும். அவ்வளவுதான். சொல்வது சுலபம்!

ஜார்ஜ் ஜான்ஸ்கோ, பாலி ஜான்ஸ்கோ என்று இரண்டு சகோதரர்கள் இந்த ஊரில் மதுக்கடை நடத்தினார்கள். ஊர் ஊராகச் சென்று பந்தயம் கட்டி ஆடும் மன்னர்களுக்குள் உண்மையில் யார் பெரியவர் என்று பார்த்துவிட அவர்களுக்கு ஆசை. முதல் ஆண்டில் ஒரே ஒரு ஆட்டந்தான். மறு ஆண்டிலிருந்து மூன்று. ஒவ்வொன்றிலும் வென்றவர்கள் பிறகு தங்களுக்குள் மோதி, 'சகல ஆட்ட' வீரர் என்ற பட்டத்துக்குப் போட்டியிட வேண்டும். அங்கேதான் சிக்கல். மேஜை ஒன்று, கோல் ஒன்று, பந்தும் ஒன்று; ஆனால் ஓர் ஆட்டத்தில் புலியாக இருப்பவர் அடுத்த ஆட்டத்தில் பூனையாகி விடுவார்.

'ஸ்ட்ரெயிட் பூல்' என்பது நிதானம். எந்தப் பந்து, எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டே போக வேண்டும். தவறாதவரை உங்கள் கைதான். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்க வேண்டியதுதான். 'நைன் பால்' நேர்மாறு. மேஜையில் இருக்கும் பந்துகளில் குறைந்த எண்ணுள்ளதைத்தான் முதலில் தொட வேண்டும். ஆனால் ஒன்பதாம் எண் பந்தைப் போட்டவருக்கே வெற்றி. எட்டுப் பந்தையும் நீங்கள் போட்டு ஒன்பதாவதில் தவறினால், பாடுபட்டது நீங்கள், பலன் பெறுவது அவர்!

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: 'ஒன் பாக்கெட்'. ஒரு கோடியில் இருக்கும் இரண்டு மூலைக் குழிகளில் ஒன்று உங்களுடையது, மற்றொன்று என்னுடையது. மீதி நாலு குழிகளும் இருந்தும் இல்லாத மாதிரி. யார் தம் குழியில் முதலில் எட்டுப் பந்து சேர்க்கிறாரோ அவர் ஜெயித்தார். ஆகவே போடுவதைவிடப் போட விடாமல் செய்வதே சாமர்த்தியம். மெள்ளத் தட்டிவிட்டு, வெள்ளைப் பந்தை எங்கேயோ ஒரு மூலையில் ஒளித்துவிட்டுப் புன்சிரிப்போடு நகர்ந்துகொள்வார்கள். கெட்டிக்கார நாத்தனாரின் பேச்சு மாதிரி. குற்றம் சொல்ல ஒன்றுமிருக்காது, ஆனால் நாம் வாய் திறக்கவும் வழியிருக்காது.

வந்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள்: பாஸ்டன் ஷார்ட்டி, கார்ன்பிரெட் ரெட், நாக்ஸ்வில் கரடி! லூதர் லாஸிட்டர் என்ற வட கரோலினாக்காரருக்கு 'விம்பி' என்று பெயர். சிறு வயதில் கணக்கில்லாமல் தின்றதால், சித்திரக் கதையில் வரும் சாப்பாட்டுராமனின் பெயர் ஒட்டிக் கொண்டது. எப்போதும் உடம்பு சரியில்லை என்று முனகிக் கொண்டே வருவார். 1962-லும் 1963-லும் சகல ஆட்டப் பட்டத்தை அவர்தான் கொண்டுபோனார்.

ஆனால் எல்லாரையும் வியக்க வைத்தவர் ஹெரால்டு வொர்ஸ்ட். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'படு மோசம்' என்று பொருள். பெயர் அப்படி, ஆட்டமோ அதற்கு நேர் எதிர். குழியே இல்லாத மேஜையில், மூன்று பந்துகளை வைத்து ஆடும் வேறு ஆட்டத்தில் 1954-ல் உலக வீரரானவர் அவர். குழி உள்ள மேஜைக்கு வந்து, அதிலேயே ஊறிய சூரர்களை 1965-ல் ஜான்ஸ்டன் சிட்டியில் தோற்கடித்துச் சகல ஆட்டப் பட்டத்தையும் பெற்றார். மறு ஆண்டே புற்றுநோயால் காலமானார். வயது 40 கூட ஆகவில்லை.

போட்டிப் பரிசுக்காகவா இத்தனை பேர் வந்தார்கள்? அதுதான் இல்லை. போட்டி முடிந்த பிறகு, இரவு முழுவதும், விடியும்வரை பந்தயம். பரிசைவிடப் பெரிய தொகைகள் அங்கேதான் கை மாறின. அந்தக் கூட்டத்தின் நடுவே ஓயாமல் பேசிக்கொண்டு ஒரு பருத்த மனிதர்: ருடால்ப் வாண்டரோன். 1961-ல் வெளிவந்த 'தி ஹஸ்ட்லர்' படத்தில் வரும் மின்னஸோட்டா ஃபாட்ஸ் நான்தான் என்று சொல்லி, அந்தப் பெயரையே எடுத்துக் கொண்டார். கதாசிரியர் வால்டர் டெவிஸ் இல்லவே இல்லை என்று மறுத்தார். யார் கேட்டார்கள்! பெரிய பட்டம் எதுவும் வாங்காமலே அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர் ஆகிவிட்டார். அவர் ஜாகை அதே சின்ன எகிப்தில், டவல் என்ற சிற்றூரில். அங்கே உணவு விடுதியில் பரிமாறி வந்த ஒரு பெண்ணை 1941-ல் மணந்து நிலைத்துவிட்டார். தெரு நாய்களையும் பூனைகளையும் கண்டால் அவருக்கு மனசு கேட்காது; கூட்டி வந்து சோறு போடுவார். ஊர் ஊராகப் பந்தயம் கட்டும் கணவன் இன்று என்ன கொண்டு வருவானோ என்று காத்திருந்த அந்த அம்மாளை நினைத்தால் எனக்குப் பரிதாபந்தான். நாய்களுக்கும் அல்லவா உலை வைக்க வேண்டும்!

ஊரை வாழவைத்த பந்தயமே அதற்கு முடிவும் தேடிற்று. 1972-ல் மத்திய சர்க்கார் அதிகாரிகள் திடீரென்று உள்ளே புகுந்தார்கள். சூதாட்டக் குற்றம் சாட்டிப் பலரைக் கைது செய்தார்கள். அந்த ஆண்டோடு ஜான்ஸ்டன் சிட்டித் திருவிழா தீர்ந்தது.

"இதில் பெண்ணே கிடையாதா?" என்று கேட்கிறீர்கள். ஜான்ஸ்டன் சிட்டியின் பட்டங்கள் எல்லாம் ஆண்களுக்கே போயின. ஆனால் அதே 1972-ல், நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ஜீன் பலூகாஸ் என்ற 13 வயதுச் சிறுமி அமெரிக்கப் பெண்கள் ஓபன் பட்டத்தை வென்றாள். 1978 வரை ஏழு ஆண்டுகள் அதை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை!

சகல ஆட்ட வீரர் யார் என்ற கேள்வி மட்டும் சாகவில்லை. அதே ஓஹயோ நதிக்கரையில், லூயிவில் நகரில் 1999-ல் 'டெர்பி சிட்டி கிளாசிக்' தொடங்கிற்று. பிற்பாடு நதிக்கு அக்கரையில் இண்டியானாப் பக்கம் இடம் மாறியது. இங்கும் மூன்று ஆட்டங்கள். ஸ்ட்ரெயிட் பூலுக்குப் பதில், பந்தை ஓரச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பிப் போடும் ஆட்டம். மூன்றும் சேர்த்து முதல்வராக வருபவருக்கு 'மேஜையின் அதிபதி' என்று பட்டம். முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றவர் அமெரிக்கர் அல்ல, பிலிப்பைன்ஸ்காரர் எஃப்ரென் ரேயஸ். பிறகு மேலும் நாலு முறை பெற்றார். சிறு வயதில் மணிலாவில் மாமாவின் பூல் கடையில் வளர்ந்தவர். மேஜை எட்டாததால் கோக்க கோலா பெட்டிகள் மேல் ஏறி நின்று ஆடப் பழகினாராம். இரவில் கடை சாத்திய பின் படுக்கையும் அந்த மேஜை மேலேதான்.