மெக்கானகல் டீச்சரின் வீட்டுக்காரர்

ஹாரி பாட்டர் கதை ஏழு புத்தகம், மூவாயிரம் பக்கத்துக்கு மேல். ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளியில் எந்த வாத்தியார் வீட்டிலிருந்தும் மனைவி காபி டம்ளரோடு எட்டிப் பார்ப்பதில்லை. எந்த டீச்சரின் பிள்ளைக்கும் காய்ச்சல் வருவதில்லை. லூபின் வாத்தியாருக்குக் கல்யாணம் நடக்கிறது, ஆனால் அவர் வேலையை விட்ட பிறகு. மாணவராக இருந்த நெவில் கடைசி அத்தியாயத்தில் பேராசிரியராகிவிடுகிறார். அவர் ஹான்னா அபட்டைக் கட்டிக்கொண்டார் என்பது கதாசிரியர் ரோலிங் பின்னால் சொல்லித் தெரிந்த செய்தி.

*

வாசகர்கள் விடுவார்களா? ஆசிரியர்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று தொடர் முடிவதற்கு முன்பே ரோலிங்கிடம் கேட்டுவிட்டார்கள். சிலருக்குத் துணை உண்டு, கதைக்காக அதை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி பதில் வந்தது. ஸ்னேப் வாத்தியாரின் காதல் ரகசியம் கடைசிப் புத்தகத்தில்தான் உடைகிறது. தலைமையாசிரியர் டம்பிள்டோர் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்று 2007 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில் ரோலிங் சொன்னார். எதிர்காலத்தைக் கணிக்கக் கற்றுத்தரும் ட்ரெலானிக்கு ஒரு கல்யாணம் நடந்து சீக்கிரமே முறிந்தது. கணவரின் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அவர் சொன்னதுதான் காரணமாம். சோசியக்காரிக்குத் தன் ஜாதகம் தெரியவில்லை.

*

இருப்பதிலேயே முழுமையான கதை மெக்கானகலுடையது. அதுவும் புத்தகத்துக்கு வெளியே எழுதியதுதான். இளவயதில் ஒரு விவசாயி மகன் மீது ஆசை. அவனுக்குச் சரி என்று சொல்லிவிட்டு மறுநாளே மறுத்துவிடுகிறார். மந்திரம் தெரியாதவனைக் கட்டினால் தன் அம்மாவைப் போலத் தானும் வித்தையைப் பூட்டி வைத்துவிட்டுக் குடும்பம் நடத்த வேண்டும் என்ற பயம். பிறகு மந்திர அமைச்சகத்தில் மேலதிகாரியாக இருந்த எல்ஃபின்ஸ்டன் அர்க்கார்ட் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வெகு காலம் கழித்துத்தான் சம்மதம். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போய்வர வசதியாக ஹாக்ஸ்மீட் கிராமத்தில் சின்ன வீடு. மூன்றே வருடம். ஒரு விஷச்செடி கடித்து மனிதர் போய்விடுகிறார். டீச்சர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே குடிவந்துவிடுகிறார்.

எல்ஃபின்ஸ்டன் என்றால் மும்பைக்காரருக்கு மாப்பிள்ளை நினைவு வராது, ஸ்டேஷன்தான் நினைவு வரும். 2018-இல் பிரபாதேவி என்று பெயர் மாற்றியும் பழைய ஆட்கள் வாயில் இன்னும் எல்ஃபின்ஸ்டன்தான்.

*

மெக்கானகல் கதையைத் தாராவியில் ஏழாவது படிக்கும் என் தங்கை மகளிடம் சொன்னேன். அவளுக்கு முதல் சந்தேகம்: “அப்ப மெக்கானகல் மிஸ்ஸுக்கு யாரு சோறு பொங்குவா பெரியம்மா?” ஹாஸ்டல் சாப்பாடுதான் என்றேன். “வீட்டுக்காரர் செத்ததும் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டலுக்கே வந்துட்டாங்களா? பாவம்லா.”

வாசகர்கள் கேட்டது கல்யாணம் ஆயிற்றா என்று. இவள் கேட்டது சோற்றை. எனக்கு இவள் கேள்விதான் சரியாகப் பட்டது.

*

ஹாக்வர்ட்ஸ் வாத்தியார்கள் ஏன் ஒண்டிக்கட்டைகளாகவே தெரிகிறார்கள்? பழக்கதோஷம். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரி ஃபெலோ கல்யாணம் பண்ணினால் பதவி போய்விடும் என்ற விதி 1882 வாக்கில்தான் தளர்ந்தது. அதுவரை வித்வான்கள் கல்லூரிக்குள்ளேயே தூங்கி, உயர்ந்த மேடை மேஜையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஹாக்வர்ட்ஸ் சாப்பாட்டு மண்டபத்தில் ஆசிரியர்கள் உட்காரும் வரிசை அதே வரிசைதான். சினிமாக்காரர்களும் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் மண்டபத்தைப் பார்த்துத்தான் செட் போட்டார்கள்.

பெண்களுக்கு இன்னும் மோசம். இங்கிலாந்தில் பல ஊர்களில் டீச்சருக்குக் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். லண்டன் கவுன்ட்டி கவுன்சில் 1935-இல் அந்த விதியை எடுத்தது; நாடு முழுக்கப் போனது 1944-ஆம் வருடக் கல்விச் சட்டத்தில். ஈனிட் பிளைட்டனின் மாலரி டவர்ஸ் முதல் புத்தகம் 1946-இல் வந்தது. அங்கே தலைமையாசிரியை மிஸ் கிரேலிங், வகுப்பாசிரியை மிஸ் பாட்ஸ். சட்டம் மாறிவிட்டது, கதை மாறவில்லை. ரோலிங் கையில் வந்தது அந்தக் கதை மரபு. மந்திரக்கோல் மட்டும்தான் புதிது.

*

நம்மூரை ரொம்பப் பீற்றிக்கொள்ள வேண்டாம். பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி, பாக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண் கல்யாணம் ஆனதும் வேலையை விட வேண்டும் என்று விதி வைத்திருந்தது. கல்யாணமானவள் அடிக்கடி லீவு போடுவாள் என்பது கம்பெனி வாதம். பம்பாய் லேபர் யூனியன் வழக்காடியது. 1965-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. விதவைக்கும் பிள்ளைகள் இருக்கலாம், அவளை மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்கிறீர்களே என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். பிரசவ லீவை இன்று சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் செம்பூர் டீச்சர்கள் இந்த யூனியனை ஒரு தடவை நினைக்கலாம்.

*

தாதாபாய் நவ்ரோஜி 1850-களில் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அவருக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதினொன்று. அப்போது ஆக்ஸ்போர்டில் கல்லூரி ஃபெலோவாக இருக்கக் கல்யாணம் கூடாது. இங்கே வாய்ப்பாடு படிப்பதற்குள் கல்யாணம்.

*

வாத்தியாரின் கல்யாணமே ஊரைப் புரட்டிப்போட்டதும் உண்டு. பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதன் என்று விதவைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார்; அடுத்த வருடம் அது புனேவுக்குப் போனது. அங்கே படித்த விதவை கோதுபாய். ஃபெர்குசன் கல்லூரியில் கணக்கு வாத்தியார் தோண்டோ கேசவ் கார்வே, மனைவியை இழந்தவர். 1893-இல் அவர் கோதுபாயைக் கட்டிக்கொண்டார். சொந்த ஊரான முருடில் தள்ளிவைத்தார்கள். அவர் அசையவில்லை. விதவைகளுக்கு ஆசிரமம், 1916-இல் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம். சர்ச்கேட் பக்கம் போகிற மகரிஷி கார்வே ரோடு இவர் பேரில்தான்.

*

சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி. குழந்தை வயதில் கல்யாணம், உடனே விதவை. 1911-இல் பி.ஏ.; சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை. மறுவருடம் எழும்பூர் வீட்டிலேயே சில குழந்தை விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். இடம் போதாமல் பிறகு ஐஸ் ஹவுஸுக்கு மாறினார்கள். சித்தி வாலாம்பாள் கூடவே இருந்து அந்த வீட்டைக் கவனித்துக்கொண்டார். இந்தப் பள்ளியில் டீச்சருக்குக் குடும்பம் உண்டா என்று எந்தப் பிள்ளையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. டீச்சரின் கதையும் பிள்ளையின் கதையும் ஒன்றே.

*

சேரன்மாதேவி குருகுலத்தை அங்கே சாதி பார்த்துப் போட்ட தனிப்பந்திச் சண்டைக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். அது சரியான கோபம். அதைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொன்று: குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் குடும்பஸ்தர். 1925 ஜூனில் பாபநாசம் அருவிப் பக்கம் போனபோது மகள் சுபத்திரையைத் தண்ணீர் இழுத்தது. காப்பாற்றக் குதித்தவரும் போய்விட்டார். தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்; பாபநாசம் பார்க்காத வீடு குறைவு. ஒரு விடுதிப் பள்ளி வாத்தியார் அப்பாவாகச் செத்த இடம் அது.

*

மாட்டுங்கா டான் பாஸ்கோவில் படித்த தமிழ்ப் பையன்கள் ஏராளம். அங்கே ஃபாதர்கள் சலேசிய சபைத் துறவிகள். அவர்களுக்குக் குடும்பம் ஏன் இல்லை என்பது ஒன்றாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும், வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஹாக்வர்ட்ஸில் வாக்கும் இல்லை, வீடும் இல்லை. அதனால்தான் கேள்வி எழுகிறது.

*

நம் இலக்கியத்தில் வாத்தியார் வீட்டை முழுக்கத் திறந்து காட்டியவர் உ.வே.சா. 1871-இல் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். சாதி வழக்கப்படி சாப்பாடு வேறு வீட்டில். ஆனால் வாத்தியாரின் மனைவி காவேரி ஆச்சி, மகன் சிதம்பரம் பிள்ளை, தீராத கடன், மடத்து ஆதரவு எல்லாம் மாணவருக்குத் தெரியும். 1876-இல் வாத்தியார் உயிர் போகும்போதும் பக்கத்தில் இருந்தார். இவ்வளவும் தெரிந்ததால் ‘என் சரித்திர’த்தில் மகாவித்வான் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது செய்யுள் சொல்கிற மனிதர் என்று தெரிந்த பிறகு மரியாதை கூடத்தான் செய்கிறது.

*

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம், மாடியில் ஓர் அறை. டீச்சர் ட்யூஷன் எடுக்கிறார். சேலைத் தடுப்புக்குப் பின்னால் நைட் ஷிப்ட் முடித்த கணவர் தூங்குகிறார், ஆகவே வாய்ப்பாடு கிசுகிசு குரலில்தான். மூன்றாவது விசில் வந்ததும் “யாராச்சும் கேஸ அணைங்கலே” என்கிறார் டீச்சர். வகுப்பே எழுந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் டீச்சருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் சிரிப்பார்கள். குறட்டை கேட்கிறதே!

மாட்டுங்கா மார்க்கெட்டில் வேறு காட்சி. டீச்சர் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுகிறார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வீட்டுக்காரர். யூனிபாரம் பையன் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க இதே செய்திதான்.

*

ஹாக்வர்ட்ஸைப் போலவே மத்திய அரசின் நவோதயா விடுதிப் பள்ளிகளிலும் நான்கு ஹவுஸ் உண்டு: ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி. ஆசிரியர்கள் வளாகத்திலேயே குடும்பத்தோடு குடியிருப்பார்கள். ஹவுஸ் மாஸ்டரின் கைக்குழந்தை அழுவது மாணவர்களுக்குக் கேட்கும். தமிழ்நாட்டில் மட்டும் நவோதயா ஒன்றுகூட இல்லை.

*

என் தீர்ப்பு: ஆசிரியரின் வீட்டை மறைப்பது நாவலுக்கு நல்லது, மர்மம் தங்கும். பள்ளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. கல்யாணம் பண்ணுவதும் பண்ணாததும் அவரவர் இஷ்டம். ஆனால் வேலைக்காக ஒருத்தர் அதை விட வேண்டியிருந்தால் தப்பு பள்ளியின் பேரில். விடுதிப் பள்ளி கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்குக் கட்டில் எண்ணும்போதே ஆசிரியர்களுக்குச் சமையலறையோடு குவார்ட்டர்ஸும் கட்டுங்கள்.