மேட்டுக்கு முழுச் சுற்று, பள்ளத்துக்கு அரைச் சுற்று

திருவனந்தபுரத்தில் வலியசாலை மகாதேவர் கோயிலைத் தாண்டி, கிள்ளியாற்றுப் பக்கம் இறங்கும் தெருவோரம் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கினார் வால்வு திறப்பவர். உள்ளே முழங்கால் ஆழச் சேம்பர், அடியில் சேறு, நடுவே வால்வின் தண்டு. நீண்ட சாவியை அதன் தலையில் மாட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே மெல்லத் திருகினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"சட்டுனு தொறந்தா பைப்பு பொட்டிரும் சார். உள்ள காத்து நிக்கும். அது போகணும், பொறவுதான் தண்ணி."

திருவனந்தபுரம் குன்றுகளின் மேல் அமைந்த ஊர். 1933இல் வில்லிங்டன் பிரபுவின் பெயரில் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது, கரமனை ஆற்றின் அருவிக்கரையிலிருந்து தண்ணீர் ஊருக்குள் வந்தது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் வெள்ளையம்பலம் பக்கத்து ஆப்சர்வேட்டரி குன்று கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 60 மீட்டர். வலியசாலையோ ஆற்றங்கரைப் பள்ளம். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கூடும். 40 மீட்டர் கீழே, ஓடாமல் நிற்கும் தண்ணீர் குழாயை 4 கிலோ வீதம் நெருக்கும். ஒரு மாடி வைத்த வீட்டு வாசலில் 12 மீட்டர் அழுத்தம் இருந்தால் போதும் என்றது மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு. மிச்சமெல்லாம் குழாய்க்குச் சுமைதான்.

அந்தச் சுமை நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதுமில்லை. காலையில் ஊரே குளித்துத் துவைக்கும்போது ஓட்டம் கூடி, உராய்விலேயே அழுத்தம் கரைந்துவிடும். மேட்டு வீடுகளில் குழாய் வெறுமனே இரையும். நடுராத்திரியில் எல்லோரும் குழாயை மூடியதும் முழு அழுத்தமும் பள்ளத்தில் வந்து நிற்கும். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் ஈயம் காய்ச்சி ஊற்றிய இணைப்புகள் அப்போதுதான் விட்டுக்கொடுக்கும். அழுத்தம் இரட்டித்தால் இரும்புக் குழாய் ஓட்டையில் கசிவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பிளாஸ்டிக் குழாயின் வெடிப்போ அழுத்தத்தில் வாயைப் பிளக்கும். அங்கே கசிவு இரண்டு மடங்கையும் தாண்டலாம். அதனால்தான் இரவில் பள்ளத்து வால்வுகளை நெரிக்கிறார்கள். பள்ளத்தை நெரித்தால்தான் மேட்டுக்கும் தண்ணீர் ஏறும்.

அக்கிரகாரத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு மாமி கேட்டார்: "ஏம்ப்பா, மாடிக்கு ஏறலையே?"

"ஏறும் மாமி. மேட்டுல டாங்கு நிறையட்டும்."

பதில் சொல்லிக்கொண்டே ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தார். என்னையும் கேட்கச் சொன்னார். மெல்லிய சீறல், அதற்கடியில் ஒரு முனகல். சீறல், பாதி திறந்த வால்வு. முனகல், யாரோ குழாயிலேயே நேராக மோட்டார் போட்டிருக்கிறார்கள். இந்த மோட்டார் பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பிடுங்குவதோடு நிற்பதில்லை. அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே போனால், தண்ணீர் கசிந்து வெளியேறிய அதே ஓட்டை வழியே சாக்கடை உள்ளே ஏறும். குழாயில் அழுத்தம் மிகுந்தால் நஷ்டம், இல்லாமல் போனால் நோய்.

அழுத்தத்தைத் தானாகவே குறைத்துத் தரும் வால்வுகள் உண்டு. மேலே எவ்வளவு ஏறினாலும் கீழே வைத்த அளவிலேயே நிறுத்தும்; நல்ல கருவி. ஆனால் அதன் சல்லடையில் மண் அடைத்தால் சொன்ன பேச்சைக் கேட்காது. கழற்றிக் கழுவ இதே கைகள் வேண்டும்.

எந்த வால்வுக்கு எத்தனை சுற்று, எது வலப்பக்கம் அடைக்கும், எது இடப்பக்கம் என்பதெல்லாம் இவர் நினைவில்தான் இருக்கிறது. பக்கம் தெரியாமல் பலங்கொண்டு திருகினால் தண்டு முறியும். தெருவைத் தோண்ட வேண்டியதுதான். ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டு அனுப்பினால் போதாது. அதற்கு ஒரு வருஷம் முன்பே இளையவர் ஒருவரை இவரோடு நடக்கவிட வேண்டும், சம்பளம் கொடுத்து. அவர் கையில் ஒரு நோட்டும் வேண்டும், சுற்றுக் கணக்கைச் சேம்பர் சேம்பராகக் குறித்துக்கொள்ள.